உழைப்பும் அழைப்பும்: சென்னை மேற்குப் புறநகர் வரலாற்றினின்று சில சிந்தனைகள்

நம் சபை மக்களில் பெரும்பாலோர் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை வேலைத்தலத்திலேயே செலவிடுகின்றனர். ஆலயத்திற்கென அவர்கள் அளிக்கக்கூடியது வாரத்திற்கு இரண்டு மூன்று மணி நேரமே. ஆயினும் நம் பிரசங்கங்களையும் மன்றாட்டுகளையும் உற்று நோக்கின், அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றியே நாம் மிகுதியாகப் பேசுகிறோம் என்பது புலனாகும். எஞ்சிய ஆறு நாள்களின் உழைப்பு ஆலய வாயிலிலேயே நின்றுவிடுகிறது. வேலையில் பொருள் காண்பது எங்ஙனம், திருச்சபை வாழ்வுக்கும் அவ்வேலைக்கும் உறவு யாது என்னும் கேள்விகள் ஒவ்வொரு விசுவாசியின் உள்ளத்திலும் எழுகின்றன. அவற்றிற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மாங்காட்டைச் சூழ்ந்த பூவிருந்தவல்லி, அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளின் வரலாறும், அவை அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வரலாறுமே நமக்குப் போதிய பாடம் கற்பிக்கின்றன.

1. அறுப்பின் பண்டிகை எழுப்பும் கேள்வி

ஆண்டுதோறும் நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. வாழைத்தாரும் பூசணியும் கரும்பும் நெற்கதிரும் பீடத்தின் முன் குவிக்கப்படுகின்றன. சேவலும் ஆடும் ஏலத்திற்கு வருகின்றன. கிராமத் திருச்சபையில் இது பொருள் நிறைந்த வழிபாடு. தான் உழுத நிலத்தின் பலனில் ஒரு பகுதியை உழவன் கடவுளின் சந்நிதியில் வைக்கிறான்.

ஆனால் புறநகர்ச் சபையில் நடப்பது என்ன? பேருந்து உதிரிப் பாகங்களைக் கடைந்தெடுப்பவரும், கைப்பேசிகளைப் பொருத்தும் பெண்ணும், மருத்துவமனைச் செவிலியரும், வாடகை வண்டி ஓட்டுநரும் கோயம்பேட்டுச் சந்தையில் விலைக்கு வாங்கிய காய்கறிகளைக் கொண்டுவந்து படைக்கின்றனர். வேறொருவர் விளைவித்த பலனையே அவர்கள் தங்கள் காணிக்கையாகத் தருகின்றனர். அவர்களுடைய சொந்த உழைப்பின் பலனுக்கு அப்பண்டிகையில் உருவமில்லை. இதனைக் குறையாகக் கூறுவது நம் நோக்கமன்று. வயலைவிட்டு ஆலைக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகியும், நம் வழிபாடு இன்னும் வயலிலேயே நிற்கிறது என்பதை உணர்த்தவே இதனைச் சுட்டுகிறோம்.

2. குன்றத்தூர்ச் சேக்கிழார் காட்டும் தொண்டர்கள்

மாங்காடு காமாட்சியம்மன் கோயிலால் புகழ் பெற்ற ஊர். அதற்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள குன்றத்தூர், பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் பிறந்த ஊர். உழைப்பையும் பக்தியையும் பற்றிச் சிந்திக்கும் கிறிஸ்தவர்கள் இந்த அண்டை வீட்டாரின் செல்வத்தைப் புறக்கணித்தல் தகாது.

சேக்கிழார் காட்டும் அடியார்களில் பலர் தத்தம் தொழிலின் வழியாகவே தொண்டு செய்தவர்கள். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டர் குயவர். அடியார்க்குத் திருவோடு வனைந்தளித்தார். காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர் அடியாரின் ஆடைகளை வெளுத்துத் தந்தார். நாகையைச் சார்ந்த அதிபத்தர் மீனவர். வலையில் அகப்பட்ட மீன்களுள் ஒன்றை இறைவனுக்கெனக் கடலிலேயே விட்டார். தொழிலைத் துறந்து இறைவனை நாடியவர்களாக அவர்கள் சித்திரிக்கப்படவில்லை. சக்கரமும் துறையும் வலையுமே அவர்களுடைய வழிபாட்டுத் தலங்களாயின.

ஆயினும் அதே நூலில் திருநாளைப்போவாரின் வரலாறும் உண்டு. கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அவர் அளித்து வந்தார். அவர் தந்த பொருள் கோயிலுக்குள் சென்றது. அவரோ வெளியே நின்றார். உழைப்பின் பலன் ஏற்றுக்கொள்ளப்படுகிறது, உழைப்பவர் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. இம்முரண்பாடு ஒரு சமயத்திற்கு மட்டும் உரியதன்று. காணிக்கைப் பையில் விழும் ஊதியத்தை ஏற்றுக்கொண்டு, அவ்வூதியம் ஈட்டப்பட்ட நிலைமைகளைப் பற்றி ஒன்றும் கேளாத திருச்சபையும் இதே நிலையில்தான் இருக்கிறது.

3. படியாளும் 'அழைப்பு' என்னும் சொல்லும்

சீர்திருத்தத் திருச்சபைகளைச் சார்ந்த நாம், வேலையைப் பற்றிப் பேசும்போது மார்ட்டின் லூத்தரை நினைவுகூர்வது வழக்கம். குருமாரும் துறவியரும் மட்டுமே ஆவிக்குரிய நிலையினர் என்னும் கருத்தை அவர் 1520-இல் வன்மையாக மறுத்தார். செருப்புத் தைப்பவரும் கொல்லரும் உழவரும் தத்தம் பணியால் பிறருக்குத் தொண்டு செய்யும் அருட்பொழிவு பெற்றவர்களே என்று அவர் போதித்தார். அவர் கையாண்ட 'பெரூஃப்' என்னும் செருமானியச் சொல் தொழிலையும் குறிக்கும், அழைப்பையும் குறிக்கும். இது மாபெரும் விடுதலைச் செய்தி என்பதில் ஐயமில்லை.

ஆனால் இச்செய்தியை அப்படியே செங்கற்பட்டு மண்ணில் நட்டால் என்ன விளையும்? ஒவ்வொருவரும் தம் தொழிலிலேயே நிலைத்திருக்க வேண்டும் என்னும் போதனையை, குலத்தொழில் என்னும் நுகத்தைச் சுமந்தவர்கள் எவ்வாறு கேட்டிருப்பார்கள்? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து அடுக்கும் ஏற்பாடு என்று 1936-இல் அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். அத்தகைய சமுதாயத்தில் 'அழைப்பு' என்னும் சொல் விலங்காகவும் மாறக்கூடும்.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கியர் 1891-இல் அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைக் குறித்து ஓர் அறிக்கை எழுதினார். படியாள்கள் கடனால் பண்ணைகளுக்குக் கட்டுண்டு கிடந்ததையும், குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமாக இல்லாததையும், தரிசு நிலத்தைப் பெற அவர்கள் முயன்றபோது மிராசுதாரர்கள் தடுத்ததையும் அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. அக்காலத்தில் செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காத்துலாந்து மிஷனைச் சார்ந்த ஆடம் ஆண்ட்ரு, திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த வில்லியம் கௌடி ஆகியோர், இம்மக்களுக்கு நிலமும் வீட்டுமனையும் வேண்டுமென அரசிடம் வாதாடினர். 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் எனப் பெயர் பெற்றது இதுவே. வருவாய் வாரியத்தின் தயக்கத்தாலும் நில உடைமையாளரின் எதிர்ப்பாலும் அது முழுப்பலன் தரவில்லை என்பது வேறு செய்தி.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மிஷனரிகளிடமும் குறைகள் இருந்தன. ஆயினும் படியாளிடம் சென்று, உன் வேலையில் மகிழ்ச்சி காண் என்று அவர்கள் போதித்து நின்றுவிடவில்லை. அவ்வேலையின் நிலைமை மாற வேண்டும் என்று கேட்டார்கள். பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், அழைக்கப்பட்ட நிலையில் நிலைத்திருப்பதைப் பற்றிச் சொன்ன கையோடு, அடிமையாயிருப்பவன் விடுதலையாகக் கூடுமானால் அதனை நாடட்டும் என்ற பொருள்பட எழுதுவதை நாம் மறத்தலாகாது. முன்வசனத்தை மட்டும் படிப்போர் பாதி வேதத்தையே படிக்கின்றனர்.

4. பஜனைச் சபையில் பிறந்த தொழிற்சங்கம்

கிராமத்துப் படியாளின் மக்கள் பலர் நகரத்து ஆலைகளை நாடினர். பெரம்பூரிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் அவர்களுக்கு ஊதியம் தந்தன. ஊர்த்தெருவின் கட்டுகளிலிருந்து ஓரளவு விடுதலையும் தந்தன. ஆனால் நீண்ட வேலை நேரமும், மதிய உணவுக்குரிய குறுகிய இடைவேளையும், மேலாளரின் கடுமையும் அங்கே காத்திருந்தன.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமென அது போற்றப்படுகிறது. அது எங்கே கருக்கொண்டது என்பதைத் திருச்சபையினர் அறிவது நன்று. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திவந்த ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் சமயச் சபையே அதன் தொட்டில். பக்திச் சொற்பொழிவு கேட்க வந்த தொழிலாளர்கள் தங்கள் ஆலைத் துன்பங்களையும் அங்கே சொன்னார்கள். நடத்தியவர்கள், இது சமயக் கூட்டம், இங்கே உலகக் காரியம் பேசலாகாது என்று தடுக்கவில்லை. கேட்டார்கள், பி. பி. வாடியாவை நாடினார்கள், சங்கம் பிறந்தது.

அச்சங்கத்தின் தூண்களுள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். செங்கற்பட்டுச் சீமையின் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883-இல் பிறந்தவர். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்று, பின்னர் வெஸ்லி கல்லூரியிலேயே தமிழாசிரியராகப் பணியாற்றியவர். 1917-இல் அப்பணியை விட்டு 'தேசபக்தன்' ஆசிரியரானார். தொழிலாளர் நடுவே உழைத்தார். சைவராகவே வாழ்ந்த அவர் 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' என்னும் நூலையும் எழுதினார். நம் மிஷன் கல்லூரியின் தமிழ்ப் பண்டிதர் ஆலைத் தொழிலாளரிடம் சென்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதோடு, நம்மை நாமே ஆராயவும் தூண்டுகிறது.

எனினும் அந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் பிறருக்கும் பிளவு ஏற்பட்டது. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன; உயிர்கள் மாண்டன. ஒரே ஆலையில் உழைத்தவர்களைச் சாதி பிரித்தது. உழைப்பு தானாகவே மனிதரை ஒன்றுபடுத்திவிடாது. ஒரே தறியின் முன் நின்றவர்கள் ஒரே பந்தியில் அமராதிருந்தால், துன்பம் வரும் நாளில் அவர்கள் சேர்ந்து நிற்பதும் அரிதே.

5. ஐக்கியத் திருச்சபையும் ஆலைகளின் வருகையும்

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆண்ட்ருவின் ஸ்காத்துலாந்து மரபும் கௌடியின் வெஸ்லியன் மரபும் ஒன்றாயின. அதே காலத்தில் இப்புறநகர்களின் முகமும் மாறத் தொடங்கியது. 1949-இல் டி. ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கப்பெற்று அம்பத்தூரில் மிதிவண்டிகள் செய்யலாயிற்று. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வேலை தேடி வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் குடியிருப்புகளில் ஜெபக்கூட்டமாகக் கூடின. பின்னர் ஓலைக் கொட்டகை, அதன் பின்னர் ஆலயம் எனச் சபைகள் வளர்ந்தன. இச்சபைகளைப் பெற்றெடுத்தது உழைப்பே எனின் மிகையாகாது.

உலகத் திருச்சபையும் அக்காலத்தில் இக்கேள்வியை எதிர்கொண்டது. இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் 1944 முதல் டெட் விக்காம் என்னும் ஆயர் இரும்பாலைகளுக்குள் சென்று தொழிலாளரோடு உரையாடினார். பிரான்சில் குருமார் சிலர் தாமே ஆலைத் தொழிலாளராயினர். 1954-இல் வத்திக்கான் அம்முயற்சியைக் கட்டுப்படுத்தியது. அதே 1954-இல் எவன்ஸ்டனில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றம், கிறிஸ்தவர் தம் தொழிலில் வாழும் வாழ்வைத் தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்தது. வங்காளத்தின் துர்காபூர் உருக்கு நகரில் 1960களில் கென்யன் ரைட் தொழில்துறை அருட்பணியை நடத்தினார்.

1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராயிருந்த லெஸ்லி நியூபிகின், இத்தொழில் வளர்ச்சியைக் கண்முன் கண்டவர். தம் ஆயர்களுக்கு அவர் ஆற்றிய உரைகள் பின்னர் நூலாக வெளிவந்தன. சபை தனக்காக இருப்பதன்று, தான் அமைந்துள்ள இடத்தின் மக்களுக்காக இருப்பது என்பதும், விசுவாசிகளை அவர்களுடைய அன்றாடப் பணிக்கு ஆயத்தப்படுத்துவது ஆயரின் கடமை என்பதும் அவர் ஓயாது வலியுறுத்திய கருத்துகள்.

இவற்றுக்கெல்லாம் முன்னரே நம் கைக்கு வந்த செல்வம் ஒன்றுண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை முறை 1950-இல் உருவானது. அதில் அப்பமும் திராட்சரசமும் முன்னரே பீடத்தில் வைக்கப்பட்டிருப்பதில்லை. காணிக்கையோடு சேர்த்துச் சபை மக்கள் நடுவிலிருந்து எடுத்துவரப்படுகின்றன. கோதுமை மணியாகவே நாம் அதைப் படைப்பதில்லை. அரைத்து, பிசைந்து, சுட்டு எடுத்த அப்பமாகப் படைக்கிறோம். கடவுளின் கொடையும் மனிதரின் உழைப்பும் ஒன்றாகவே அம்மேசைக்கு வருகின்றன. அந்த ஊர்வலத்தில் உழவனின் கதிருக்கு மட்டுமன்று, கடைசல் எந்திரத்திற்கும் இடமுண்டு. நாமோ அதனைச் சடங்காக்கிவிட்டோம்.

6. இன்றைய மாங்காடும் நம் சபைகளும்

இன்று மாங்காடு ஒரு நகராட்சி. ஏரிப்பாசன வயல்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வாடகை அறைகளும் நிறைந்துள்ளன. திருப்பெரும்புதூர் வட்டாரத்து மோட்டார் வாகன, மின்னணு ஆலைகளின் பேருந்துகள் இரவும் பகலும் இச்சாலைகளில் ஓடுகின்றன. நிரந்தரத் தொழிலாளர் குறைந்து ஒப்பந்தத் தொழிலாளர் பெருகியுள்ளனர். பிற மாநிலத்தாரும் பலர்.

2021 டிசம்பரில், பூவிருந்தவல்லிப் பகுதி விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் பலர் உணவு நஞ்சானதால் நோயுற்றனர். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவம் பெற்றனர். ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடும் எதிர்ப்புக்குப் பின் மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் முதல் மே நாளைக் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்து சாம்சங் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்திற்கும் மேல் நீடித்தது. அவர்களுடைய சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது.

இந்நிகழ்ச்சிகள் நடந்த ஞாயிறுகளில் நம் ஆலயங்களில் என்ன மன்றாடினோம்? வேலை கிடைத்தவர் நன்றிக் காணிக்கை செலுத்தும்போது சபையார் மகிழ்கின்றனர்; அது நன்று. வேலை இழந்தவருக்கும், ஊதியம் மறுக்கப்பட்டவருக்கும், இரவுப்பணி முடித்து உறங்காமல் ஆராதனைக்கு வரும் பெண்ணுக்கும் நம் வழிபாட்டு முறையில் இடம் எங்கே? ஒரே இருக்கையில் மேற்பார்வையாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் அமர்ந்திருக்கலாம். இதனைப் பேசினால் சபை பிளவுபடும் என்னும் அச்சம் ஆயர்களுக்கு உண்டு. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால் மௌனத்தால் காக்கப்படும் ஒற்றுமை, பேசத் துணியாதவருக்கு மட்டுமே செலவு வைக்கும் ஒற்றுமையாகும். யாக்கோபு தம் நிருபத்தில், பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று கூறியது சபைக்கு வெளியே இருந்தவர்களை மட்டும் எண்ணியன்று.

7. நாம் செய்யத்தக்கவை

வரலாறு நமக்குக் கற்பிப்பதை ஒருவாறு தொகுத்துக் கூறலாம். வேலையில் பொருள் காண்பது தனி மனிதரின் மனப்பக்குவம் மட்டுமன்று. கட்டுண்ட படியாளிடம் அதனை எதிர்பார்ப்பது இரக்கமற்ற செயல். ஒருவர் தம் வேலையைக் கடவுளின் அழைப்பெனக் காண வேண்டுமாயின், அதனை மறுக்கவும் மாற்றவும் சீர்படுத்தவும் அவருக்கு உரிமை வேண்டும். அவர் பேசுவதைக் கேட்க ஒரு சபையும் வேண்டும். ஓய்வுநாள் கட்டளைக்கு உபாகமம் கூறும் காரணமும் இதுவே: எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைவில் கொண்டு, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறட்டும் என்பதன்றோ அதன் கருத்து?

சிறிய அளவிலேனும் நாம் தொடங்கலாம். அறுப்பின் பண்டிகையில் கதிரோடு கூடத் தங்கள் கருவிகளையும் கைவேலையையும் சபையார் கொண்டுவரலாம். மன்றாட்டில் ஆலைகளையும் விடுதிகளையும் பெயர் சொல்லி நினைக்கலாம். இரவுப்பணியாளருக்கு ஏற்ற வேளையில் திருவிருந்து நடத்தலாம். வேலைத்தலத்தில் நேரும் அறநெறிச் சிக்கல்களைத் தொழிலாளரும் மேலாளரும் சேர்ந்து வேதத்தின் வெளிச்சத்தில் ஆராயச் சிறு குழுக்கள் அமைக்கலாம். இறையியல் மாணவர்கள் சில வாரங்களேனும் ஆலைத் தொழிலாளரோடு தங்கிக் கற்கலாம். பிரசங்கம் செய்யுமுன் அவர்கள் கேட்கப் பழகுவார்கள்.

பெரம்பூரின் பஜனைச் சபை தன் கதவைத் திறந்து தொழிலாளரின் துன்பத்தை உள்ளே வரவிட்டது. நசரேத்தூர்த் தச்சனை ஆண்டவரென அறிக்கையிடும் நாம், அதனினும் குறைவாகச் செய்தல் தகுமோ? அடுத்த முறை காணிக்கையும் அப்பமும் நம் நடுவிலிருந்து பீடத்தை நோக்கிச் செல்லும்போது, அவற்றோடு கூடச் செல்லும் கைகளை நோக்குவோம். எந்த எந்திரத்தில், எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு அக்கைகள் உழைத்தன என்று கேட்போம். கேட்கத் தொடங்கும் சபையில் உழைப்பும் அழைப்பும் வேறுவேறாக நில்லா.